பீபியின் தோட்டம்: செலூஸ் காட்டின் கணக்கு வழக்கு

போன வருடம் அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்தோடு தான்சானியா போய்விட்டு வந்தார். செரெங்கெட்டி, கோரோங்கோரோ, சிங்கம் ஜீப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. "தெற்கே செலூஸ் பக்கம் போகலையா?" என்று கேட்டேன். "அது வேட்டைக்காரங்க போற இடமாச்சே சார், நாம எதுக்கு அங்க?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. கோடிங் வேலை முடிந்த பின்னிரவுகளில் நாலைந்து மாதம் இதையே படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேறியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். செலூஸ் வேட்டைக் காப்பகம் அதன் முழு அளவில் இருந்தபோது சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். கேரளா மொத்தமே 39,000 சதுர கிலோமீட்டர்தான். கேரளாவை விடப் பெரிய நிலம், உள்ளே ஒரு ஊர் கிடையாது, ஒரு தார் ரோடு கிடையாது. நடுவே ருஃபீஜி ஆறு ஓடுகிறது. 1982இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அந்த நிலத்தின் மிகப் பெரும்பகுதியில் பணம் கட்டி வந்து யானை, சிங்கம், காட்டெருமையைச் சுட்டுப்போவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. கேமராவோடு வருகிறவர்களுக்கு ருஃபீஜிக்கு வடக்கே இருந்த சிறிய பகுதி மட்டும்தான்.

நம்ம தலைமுறைக்கு இது சட்டென்று உள்ளே இறங்காது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வளர்ந்தவர்கள் நாம். வேட்டை என்றால் குற்றம், வேட்டைக்காரன் என்றால் வில்லன், அவ்வளவுதான். 'சுட்டுக் காப்பாற்றுவது' என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அந்தச் சிரிப்போடுதான் படிக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் வேட்டைக்கு வக்காலத்து வாங்கும் அளவுக்கும் மாறிவிடவில்லை. ஏன் என்று சொல்ல 1896க்குப் போக வேண்டும்.

அப்போது அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. கவர்னர் ஹெர்மன் ஃபான் விஸ்மன். கடற்கரை மக்களின் எதிர்ப்பைச் சில வருடங்களுக்கு முன்புதான் ரத்தமும் நெருப்புமாக அடக்கிய ராணுவ ஆள். 1896 மே மாதம் ஒரு வனவிலங்கு ஆணை போட்டார். தந்தத்துக்காக யானைகள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் போட்ட ஆணை. வேட்டைக்கு உரிமம் வேண்டும். இரண்டு இடங்கள் காப்பகங்கள். ஒன்று கிளிமஞ்சாரோவுக்கு மேற்கே, இன்னொன்று ருஃபீஜி பக்கம். செலூஸின் விதை இந்த இரண்டாவதுதான். ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று என்று சுற்றுலாப் புத்தகங்கள் பெருமையாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

அந்த ஆணை ஊர்க்காரனை என்ன செய்தது என்பதைச் சுற்றுலாப் புத்தகங்கள் சொல்வதில்லை. வலை கட்டி வளைப்பதும் தீ வைத்து விரட்டுவதும் அந்தப் பகுதி மக்களின் வேட்டை முறை. ஊரே சேர்ந்து செய்வது. கறி கிடைக்கும் என்பது ஒரு பக்கம், வயலுக்குக் காவல் என்பது இன்னொரு பக்கம். உரிமத்துக்குக் காசு வேண்டும், துப்பாக்கி வேண்டும், வலைக்கோ தடை. விளைவு, காட்டுப்பன்றி வயலில் இறங்கியது. தாடியஸ் சன்சேரி என்ற வரலாற்றாசிரியர் தார் எஸ் சலாமைச் சுற்றியுள்ள உசராமோ பகுதியை வைத்து 1997இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பருத்தித் தோட்ட வேலைக்கு ஆண்களை இழுத்துக்கொண்டு போனது, வேட்டைத் தடை, பன்றி, பஞ்சம் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடந்தன என்று அதில் காட்டுகிறார். வயலைக் காக்க மிஞ்சியவர்கள் பெண்கள். பன்றியோடு போராடியது அவர்கள்தான். காட்டுப்பன்றித் தொல்லை என்றால் என்ன என்று மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே ராத்திரியில் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

1905 ஜூலையில் மதும்பி மலைப்பகுதியில் சிலர் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அதுதான் மாஜி மாஜி எழுச்சியின் தொடக்கம். ங்காரம்பே என்ற ஊரில் கின்ஜிகிடிலே ங்வாலே என்ற ஒருவர் மந்திரித்த நீர் கொடுத்தார். அதைப் பூசிக்கொண்டால் ஜெர்மன்காரன் துப்பாக்கிக் குண்டு தண்ணீராகிவிடும் என்று நம்பிக்கை. மாஜி என்றால் சுவாஹிலியில் தண்ணீர். அவரை ஆரம்பத்திலேயே தூக்கில் போட்டார்கள். எழுச்சி நிற்கவில்லை, தெற்கு முழுவதும் பரவியது. ஜெர்மன் படை ஊர்களை எரித்தது, தானியத்தை அழித்தது. பஞ்சமே ஆயுதமாக இருந்தது. செத்தவர்கள் எண்ணிக்கைக்குக் குறைந்த மதிப்பீடு 75,000. தான்சானிய வரலாற்றாசிரியர்கள் சொல்வது 2,50,000 முதல் 3,00,000 வரை.

இந்தப் போரை ஏன் வேட்டைக் கட்டுரையில் இழுக்கிறேன் என்று கேட்கலாம். ஆள் செத்தும் ஓடியும் போன வயல்களில் புதர் மண்டியது. புதர் வந்தால் செட்சி ஈ வரும். செட்சி ஈ வந்தால் மாடு பிழைக்காது. மாடு இல்லாத, ஆள் குறைந்த இடத்துக்கு யானை வரும். இன்றைக்கு ட்ரோன் படங்களில் 'மனிதக் காலடி படாத கன்னிக் காடு' என்று காட்டப்படுகிற நிலத்தில் ஒரு பகுதி, நூற்றிருபது வருடத்துக்கு முன் சோளமும் தினையும் விளைந்த இடம். அது காலியாக இருந்த இடமில்லை, காலியாக்கப்பட்ட இடம். எனக்குச் சிரிப்பு நின்றது இந்த இடத்தில்தான்.

அந்தப் பக்கத்து மக்கள் காப்பகத்துக்கு வைத்த பெயர் 'ஷாம்பா லா பீபி'. ஷாம்பா என்றால் தோட்டம், வயல். பீபி என்றால் சீமாட்டி, மனைவி, பாட்டி, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம்ம பீபி நாச்சியாரில் வருகிற அதே பீபிதான், கடல் வழியாகப் போன சொல். கைசர் வில்ஹெல்ம் தன் மனைவிக்குக் கல்யாண நாள் பரிசாக இந்தக் காட்டைக் கொடுத்தார் என்று ஒரு கதை. வரலாறாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தன் நிலம் எங்கோ இருக்கிற ஒரு ராணிக்குத் தோட்டமாகிவிட்டது என்று ஒரு விவசாயி நினைத்ததில் தப்பே சொல்ல முடியாது.

சரி, செலூஸ் யார்? ஃபிரெடரிக் கோர்ட்னி செலூஸ், 1851 கடைசி நாளில் பிறந்த ஆங்கிலேயர். தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் யானை வேட்டையாடியே வாழ்க்கை நடத்தியவர், பிறகு அருங்காட்சியகங்களுக்கு விலங்குகள் சேகரித்தவர், அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் நண்பர். முதல் உலகப்போரில் அறுபது வயதைத் தாண்டிய பிறகு அடம்பிடித்துப் படையில் சேர்ந்து, 1917 ஜனவரி 4ஆம் தேதி பெஹோ பெஹோ என்ற இடத்தில் ஜெர்மன் தரப்புக் குண்டு பட்டு இறந்தார். 65 வயது. அங்கேயே புதைத்தார்கள். 1922இல் பிரிட்டிஷ் ஆட்சி அந்தக் காப்பகத்துக்கு அவர் பெயரை வைத்தது.

இதே போரில், இதே ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கிடம் 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் அடிவாங்கிச் சிதறிய படைகளில் ஒன்று 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

செலூஸ் காட்டை உண்மையில் உருவாக்கியவர் என்று சொல்ல வேண்டுமானால் அது செலூஸ் இல்லை, சி.ஜே.பி. அயோனைடிஸ் என்பவர். ராணுவ அதிகாரியாக இருந்து, தந்தக் கள்ளவேட்டைக்காரராகி, அதன் பிறகு 1933இல் டாங்கனீகா வேட்டை இலாகாவில் அதிகாரியானவர். திருடனையே காவலுக்கு வைத்த கதை. கடைசிக் காலத்தில் ஆயிரக்கணக்கில் பாம்பு பிடித்து 'பாம்பு மனிதர்' என்று பேர் வாங்கினார். லிவாலே என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு காப்பகத்தின் எல்லையை விரித்துக்கொண்டே போனார். 1940களில் தூக்க நோய் பரவியது. செட்சி ஈ பரப்பும் நோய், கவனிக்காவிட்டால் ஆளைக் கொல்லும். சிதறிக் கிடந்த ஊர்களை ரோட்டோரமாகக் கொண்டுவந்து குவித்தால் மருத்துவம் பார்க்க வசதி என்று அரசாங்கம் முடிவெடுத்தது. பல்லாயிரம் பேரை இடம் மாற்றினார்கள். அவர்கள் விட்டுப்போன நிலம் ஒவ்வொன்றாகக் காப்பகத்தோடு சேர்ந்தது. நோய் நிஜம்தான். ஆனால் நோய்க்காகக் காலி செய்த நிலம் ஜனங்களுக்குத் திரும்பி வரவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேட்டை இலாகா என்றால் யானையைக் காக்கிற இலாகா என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதன் பெரிய வேலையே யானை சுடுவதுதான். காப்பகத்துக்கு வெளியே வயலில் இறங்குகிற யானையைச் சுடுவது, உள்ளே இருப்பதை விட்டுவிடுவது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் சாவு என்று யானைகளுக்கே பழக்கிவிட்டார்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் அரசாங்கத் துப்பாக்கியே சுட்டிருக்கிறது.

அயோனைடிஸின் சீடர் பிரையன் நிக்கல்சன். 1960களில் செலூஸின் பொறுப்பு அவர் கையில். அவர் முன்னால் இருந்த பிரச்சினை எனக்கு நன்றாகப் புரிகிறது: பட்ஜெட் கிடையாது, சிஸ்டம் மட்டும் பெரிது. சுற்றுலாப் பயணியை வரவழைக்கலாமா என்றால் அதற்கு அந்தக் காடு தோதில்லை. செரெங்கெட்டி மாதிரித் திறந்த புல்வெளி இல்லை. பெரும்பகுதி மியோம்போ காடு, மைல் கணக்கில் ஒரே மாதிரி மரங்கள். விலங்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. செட்சி ஈ சட்டையைத் துளைத்துக் கடிக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ரோடு கிடையாது. காலையில் கிளம்பி மதியத்துக்குள் பத்து சிங்கம் பார்க்க வேண்டும் என்கிற ஆள் இங்கே ஏன் வரப்போகிறான்? ஆனால் வேட்டைக்காரன் வருவான். அவனுக்குக் கூட்டம் இருக்கக் கூடாது, வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று வாரம் ஒரே யானையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தயார். ஒரு தலைக்கு அவன் கொடுக்கிற பணம் பல பஸ் நிறைய வரும் பயணிகள் கொடுப்பதற்குச் சமம்.

நிக்கல்சன் காட்டை நாற்பதுக்கும் மேற்பட்ட பிளாக்குகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பிளாக்குக்கும் வருடத்துக்கு இத்தனை யானை, இத்தனை காட்டெருமை, இத்தனை சிங்கம் என்று கோட்டா. வந்த காசில் ரோடு, காவல் நிலையம், காவலர் சம்பளம். ஒரு பிளாக்கில் ஒரு குழு இருக்கும்போது வேறு குழு நுழையக் கூடாது. வேட்டை நிறுவனங்கள் பிளாக்கைக் குத்தகைக்கு எடுத்து வெளிநாட்டு வாடிக்கையாளரைக் கூட்டி வரும் முறை பின்னாளில் இதன் மேல்தான் எழுந்தது. பெரிய விலங்குகளுக்கு 21 நாள் சஃபாரி எடுத்தாக வேண்டும் என்ற விதி. கூடவே அரசாங்கத்தின் வனக்காவலர் ஒருவர் நடப்பார். எதைச் சுட்டாலும் தனிக் கட்டணம். காயப்படுத்தித் தப்பவிட்டாலும் கணக்கில் ஏறும். யானை என்றால் தந்தத்துக்குக் குறைந்தபட்ச எடையும் நீளமும் உண்டு. சின்ன தந்தத்தைச் சுட்டால் வம்பு.

காகிதத்தில் பார்த்தால் அழகான டிசைன். ஒரு பிளாக்கில் ஆள் நடமாட்டம் இருந்தாலே கள்ளவேட்டைக்காரன் தயங்குவான். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு வருடம் ஒன்றிரண்டு சிங்கம் போவதால் அந்த இனம் அழியாது. வருமானம் வருகிற வரைக்கும் அந்த நிலத்தை யாரும் எள் வயலாக மாற்ற மாட்டார்கள். சுட்டுக் காப்பாற்றுவது என்பதன் அர்த்தம் இதுதான். அது பொய்யில்லை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டெக்சஸிலிருந்து வந்தவர் துப்பாக்கியால் காட்டெருமையைச் சுட்டால் அது சஃபாரி. பக்கத்து ஊர்க்காரர் வீட்டுக் கறிக்காக கண்ணி வைத்து ஒரு மானைப் பிடித்தால் அது கள்ளவேட்டை, ஜெயில். இரண்டாமவரின் தாத்தா அந்த இடத்தில்தான் வீடு கட்டி இருந்திருப்பார். விஸ்மன் ஆணை போட்ட நாளிலிருந்து கொடி மூன்று முறை மாறியும் மாறாத விதி இது ஒன்றுதான்.

1973இல் சுதந்திர தான்சானியா வேட்டையை மொத்தமாகத் தடை செய்தது. நிக்கல்சனும் அந்தச் சமயத்தில் வெளியேறினார். 1978இல் தடை நீங்கியபோது அரசு நிறுவனம் ஒன்றின் கையில் வேட்டை வந்தது. நடுவில் காட்டுக்குள் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்த வருடம், 1979இல், பீட்டர் மத்தீசன் என்ற அமெரிக்க எழுத்தாளர் நிக்கல்சனோடு அந்தக் காட்டில் கால்நடையாகப் போய் 'சாண்ட் ரிவர்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். தான் போட்ட ரோடுகள் புதராகிக் கிடப்பதைப் பார்த்துக் குமுறுகிற ஒரு பழைய நிர்வாகி அதில் கிடைப்பார். அவருடைய காலனிய மனோபாவம் எரிச்சல் மூட்டும், ஆனால் காடு பற்றி அவர் சொன்னது பலித்தது.

எண்களைப் பாருங்கள். 1976இல் வானத்திலிருந்து எடுத்த கணக்குப்படி செலூஸிலும் அதைச் சுற்றியும் ஏறக்குறைய 1,10,000 யானைகள். 1980களின் கடைசியில் சுமார் 30,000. கருப்புக் காண்டாமிருகம் ஆயிரக்கணக்கில் இருந்தது, விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தது. 1989இல் தான்சானிய ராணுவமும் போலீஸும் சேர்ந்து 'ஆபரேஷன் உஹாய்' நடத்தின. உஹாய் என்றால் உயிர். அதே வருடம் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் உலகளாவிய தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது.

அதற்குச் சற்று முன்புதான் ஜெர்மன் அரசின் ஜிடிஇசட் நிறுவனமும் தான்சானியாவும் சேர்ந்து செலூஸ் பாதுகாப்புத் திட்டத்தை ஆரம்பித்திருந்தன. காப்பகத்தை ஆரம்பித்த நாடே நூறு வருடம் கழித்து அதைக் காப்பாற்ற வந்தது. இந்தத் திட்டத்தில் முக்கியமானது ஒரே ஒரு வரி: காப்பகம் சம்பாதிப்பதில் பாதியை காப்பகமே வைத்துக்கொள்ளலாம். 1994 முதல் இது நடந்தது. அந்த வருமானத்தின் மிகப் பெரும்பகுதி வேட்டையிலிருந்து வந்தது. கேமராப் பயணிகள் கொடுத்தது சொற்பம். டீசல் வந்தது, ரோந்து நடந்தது. சுற்றியிருந்த ஊர்களுக்கும் முதல் முறையாக ஒரு கோட்டா கிடைத்தது, தங்கள் கறிக்குத் தாங்களே சட்டப்படி சுடலாம் என்று. பின்னால் இது 'வனவிலங்கு மேலாண்மைப் பகுதி' என்ற சட்ட வடிவம் பெற்றது. ஊர்கள் சேர்ந்து தங்கள் நிலத்தை ஒதுக்கினால் அங்கே நடக்கும் வேட்டை, சுற்றுலா வருமானத்தில் பங்கு. அப்படி ஒதுக்கிய ஊர்களில் ஒன்று, செலூஸின் கிழக்கெல்லையை ஒட்டிய ங்காரம்பே. ஆமாம், மந்திரித்த நீர் கொடுத்த அதே ங்காரம்பே.

யானைகள் திரும்பின. 2006 கணக்கில் சுமார் 70,000.

பிறகு? வெளிநாட்டுத் திட்டம் முடிந்தது. பாதியை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் 2000களின் நடுவில் கைவிடப்பட்டது. வேட்டை நடந்தது, கட்டணம் வசூலானது, பணம் தார் எஸ் சலாமுக்குப் போனது. காவலருக்கு டீசல் இல்லை. அதே நேரம் ஆசியச் சந்தையில் தந்தத்தின் விலை ஏறியது. 2009இல் யானைகள் சுமார் 39,000. 2013இல் 13,084. நாலு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி. சாமுவேல் வாஸர் என்ற விஞ்ஞானி பிடிபட்ட தந்தக் குவியல்களின் டிஎன்ஏவை எடுத்து, அவை எந்தக் காட்டு யானைகளுடையவை என்று வரைபடமாகப் போட்டார். 2015இல் வெளிவந்த அந்த ஆய்வில், சவானா யானைத் தந்தத்தின் பெரும்பகுதி தென்கிழக்கு தான்சானியா, வடக்கு மொசாம்பிக் பக்கத்தைக் காட்டியது. செலூஸ் இருக்கும் இடம் அதுதான்.

இந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது: வேட்டை இருந்தும் அழிந்தது, வேட்டை இல்லாதபோதும் அழிந்தது. 1973 தடைக்குப் பின் சரிவு, வேட்டை நடந்துகொண்டிருந்த 2009க்குப் பின்னும் சரிவு. அப்படியானால் துப்பாக்கியா கேமராவா என்று நாம் போடுகிற சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது. இரண்டு சரிவுக்கும் பொதுவானது எது? காட்டில் விளைந்த பணம் காட்டுக்குத் திரும்பவில்லை.

சிங்கம் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2004இல் கேரில் விட்மன், கிரெய்க் பேக்கர் குழுவினர் ஒரு கணினி மாடல் வெளியிட்டார்கள். ஆண் சிங்கத்தைச் சுட்டால் போவது ஒரு சிங்கம் மட்டுமில்லை. புதிதாக வருகிற ஆண் பழைய குட்டிகளைக் கொன்றுவிடும். அதனால் வயதான ஆண்களை மட்டும், அதாவது தன் குட்டிகளை வளர்த்து முடித்தவற்றை மட்டும் சுட்டால் எத்தனை சுட்டாலும் பெரிதாகப் பாதிப்பில்லை என்று மாடல் சொன்னது. எண்ணிக்கைக் கோட்டாவே வேண்டாம், வயது வரம்பு போதும்! வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கைப் பார்த்து. வயதாக ஆக மூக்கு நுனியில் கருமை கூடும். படித்தபோது கைதட்டினேன். இவ்வளவு சின்ன விதியில் இவ்வளவு பெரிய பிரச்சினை அடங்குகிறதே! தான்சானியாவும் பிறகு ஆறு வயது வரம்பு கொண்டுவந்தது.

ஆனால் மாடலுக்குள் இல்லாத ஒன்று இருந்தது. நம்ம தொழிலில் தினமும் பார்க்கிறோமே, ஸ்டேஜிங்கில் ஓடும், புரொடக்‌ஷனில் படுத்துவிடும். 21 நாளுக்குப் பெரும் பணம் கட்டி வந்த வாடிக்கையாளர், கடைசி நாள் சாயங்காலம், எதிரே நாலு வயது சிங்கம். மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அந்த வழிகாட்டி சொல்ல வேண்டும். எப்போது சொல்வார்? அந்தச் சிங்கம் இரண்டு வருடம் கழித்தும் தனக்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்வார். அடுத்த வருடம் பிளாக் கைமாறலாம் என்றால் ஏன் சொல்லப்போகிறார்? 2011இல் பேக்கர் குழுவினரே, தான்சானியாவில் சிங்கம் குறைந்ததற்கு மிதமிஞ்சிய டிராஃபி வேட்டை ஒரு முக்கியக் காரணம் என்று எழுதினார்கள். 2016இல் ஹென்றி பிரிங்க் குழுவினர் செலூஸ் பிளாக்குகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே நிறுவனம் நீண்ட காலம் வைத்திருந்த பிளாக்குகளில் வேட்டை தாங்கும் அளவுக்குள் இருந்தது. அடிக்கடி கைமாறிய பிளாக்குகளில் அள்ளிவிட்டிருந்தார்கள். குத்தகை நிலத்துக்கு எவன் எரு போடுவான் என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். பேக்கர் ஆராய்ச்சிக் கட்டுரையோடு நிற்காமல் ஊழலைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். தான்சானியாவுக்குள் அவர் வர முடியாமல் போனது.

2014 ஏப்ரலில் அமெரிக்கா தான்சானிய யானை டிராஃபிகளை உள்ளே விடுவதை நிறுத்தியது. பெரிய வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள்தான். சுட்ட தந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றால் யார் வருவார்? அதே ஜூனில் யுனெஸ்கோ செலூஸை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் 2012இலேயே தெற்கே ம்குஜு ஆற்றுப் பக்கம் யுரேனியம் எடுப்பதற்காக எல்லையை மாற்ற யுனெஸ்கோவே சம்மதித்திருந்தது. இதையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுசாகும்.

அடுத்து அணை. ருஃபீஜி ஆறு ஒரு இடுக்கில் நுழையும் இடத்துக்கு ஸ்டீக்லர் பள்ளத்தாக்கு என்று பெயர். 1907இல் அங்கே யானையால் கொல்லப்பட்ட ஒரு வெள்ளைக்காரரின் பெயர். அங்கே அணை கட்டும் யோசனை பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. ஜனாதிபதி மகுஃபுலி காலத்தில், 2018 டிசம்பரில் எகிப்து நிறுவனங்களோடு ஒப்பந்தமானது. 2,115 மெகாவாட். 2022 கடைசியில் நீர் தேக்க ஆரம்பித்தார்கள், 2024இல் மின்சாரம் வந்தது. அணைக்காக வெட்டிய காட்டைப் பார்த்து உலகம் முழுக்கக் கூச்சல். கரண்ட் இல்லாத வீடுகள் பல லட்சம் இருக்கிற நாட்டைப் பார்த்து, கரண்ட் உள்ள அறையில் உட்கார்ந்து நான் அந்தக் கூச்சலில் சேரத் தயங்குகிறேன். ஆனால் காப்பகத்தின் நெஞ்சில் கட்டிய அணை அது, அதையும் மறைக்க முடியாது.

2019 நவம்பரில் செலூஸை இரண்டாகப் பிரித்தார்கள். 30,893 சதுர கிலோமீட்டர் நியரேரே தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்காவில் வேட்டை கூடாது. மீதி மட்டும்தான் இன்று செலூஸ் என்ற பெயரில் வேட்டைக் காப்பகமாக இருக்கிறது. வேட்டைக்காரனுக்கு ஒதுக்கியிருந்த நிலம் ஒரே கையெழுத்தில் கேமராக்காரனுக்கு மாறியது. வேட்டைப் பணம் போன இடத்தைச் சுற்றுலாப் பணம் நிரப்புமா என்பதுதான் இப்போதைய கேள்வி. மரங்கள் அதே மரங்கள், ஈ அதே ஈ. கேம்ப்கள் எல்லாம் இன்னமும் பெரும்பாலும் வடக்கே ஆற்றோரத்தில்தான் இருக்கின்றன. மேப்பில் தெற்கே தேடிப் பாருங்கள், பச்சை மட்டும்தான். அங்கே இப்போது வேட்டைக்காரன் இல்லை, பயணியும் இல்லை. ரோந்துக்கு டீசல் யார் போடுகிறார்கள் என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருப்பேன்.

நியரேரே பெயர் வைத்ததிலும் ஒரு வேடிக்கை. மிருகங்களைப் பார்ப்பதில் தனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய ஆர்வமில்லை, விடுமுறையில் முதலையைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன், ஆனால் ஐரோப்பியரும் அமெரிக்கரும் இதற்குக் காசு கொடுப்பார்கள், அதனால் காப்பாற்றுவோம் என்ற ரீதியில் அவர் பேசியதாகப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். விஸ்மன், செலூஸ், ஸ்டீக்லர், எல்லோரையும் விட நேர்மையான பேச்சு என்று எனக்குப் படுகிறது.

நண்பரிடம் இதையெல்லாம் ஒரு மதிய சாப்பாட்டில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த தடவை அங்க போகலாம்னு சொல்றீங்களா?" என்றார். போகலாம் என்றேன். போனால் பெஹோ பெஹோவுக்கும் போக வேண்டும். அது இப்போது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, துப்பாக்கி எடுத்துப்போக அனுமதியில்லாத இடம். மரங்களுக்கு நடுவே ஒரு கல் பலகை. பயணிகள் ஜீப்பை நிறுத்தி இறங்கி அந்த வேட்டைக்காரரின் சமாதியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.